ரக்பியும் விளையாட்டு அறிவியல் படிப்பும்: ஒரு மருத்துவச் சான்றிதழால் பட்ட பாடு

விளையாட்டு அறிவியல் படித்துக்கொண்டே கிளப்பில் ரக்பி ஆடும் எண்ணம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது பயிற்சியைப் பற்றியதன்று, காகிதத்தைப் பற்றியது. சேர்க்கையும் கிளப் தேர்வும் எனக்குச் சிக்கலின்றி முடிந்தன. சிக்கல் இரண்டாம் ஆண்டில், பருவத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது. ஒரு டேக்கிளில் (பந்துடன் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்போது) என் தலையை எதிராளியின் பின்பக்கமாக ஒதுக்காமல் அவருடைய ஓட்டப் பாதையிலேயே வைத்துவிட்டேன். அவருடைய இடுப்பெலும்பு என் நெற்றிப்பொட்டில் இடித்தது. பயிற்றுநர் அந்தக் கணமே என்னை வெளியேற்றினார்.

மருத்துவர் மூளை அதிர்வு என்று உறுதிசெய்து, 21 நாள் கழிவதற்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கிளப்புக்கு அந்த ஒரு வரி போதும். தேர்வை ஒத்திவைக்கக் கோரிக் கல்லூரி அலுவலகத்துக்குச் சென்றபோதோ, எழுத்தர் அதே வரியின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, "ஆடக் கூடாது என்றுதானே இருக்கிறது, எழுதக் கூடாது என்று இல்லையே" என்று தாளைத் திருப்பித் தள்ளினார். பத்து நிமிடம் கணினித் திரையைப் பார்த்தாலே தலைக்குள் இடிக்கத் தொடங்கிவிடும் நிலையில் இருந்த எனக்கு அந்தச் சொற்கள் இன்றும் ஆறவில்லை. மறுநாள் மருத்துவரிடம் போனால் அவர் விடுப்பு. அதற்கடுத்த நாள் வாங்கிய சான்றிதழில் முத்திரை விடுபட்டிருந்ததால் இன்னொரு நடை வீணாயிற்று. ஆகவே மருத்துவர் எழுதும்போதே, படிப்பதையும் திரை பார்ப்பதையும் குறைக்க வேண்டும் என்ற குறிப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரம், கையொப்பம், முத்திரை ஆகியவை இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

ஒத்திவைப்பு கிடைத்த பிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருந்தது. காயம்பட்ட ஆறாம் நாள் உடலியங்கியல் செய்முறை வகுப்பில் பீப் டெஸ்ட், அதாவது ஒலிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே முடியாமல் போகும் வரை ஓடும் சோதனை. "இது ரக்பி அல்லவே, வெறும் ஓட்டம்தானே" என்று விரிவுரையாளர் நல்லெண்ணத்துடனேயே அழைத்தார். ஆனால் மூச்சு முட்டும் வரை ஓடுவதும் அந்த நாள்களில் கூடாது. முதலில் ஓய்வு, பின் மெல்லிய நடை, மிதமான ஓட்டம், மோதலில்லாப் பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பின்னரே மோதல் என்றுதான் படிப்படியாகத் திரும்ப வேண்டும். அறிகுறி தலைகாட்டினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். இதைக் கிளப் அறிந்திருந்தது, கல்லூரி அறியவில்லை. நான் வாயைத் திறந்து மறுத்ததால் தப்பித்தேன். அன்று நேரத்தைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பை வாங்கிக்கொண்டதால் வருகைப்பதிவும் கிடைத்தது.

இரண்டு இடமும் ஒன்றையொன்று அறியாதிருப்பது காயமில்லாத வாரங்களிலும் உடலை வாட்டும். எனக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் 60 நிமிடம் எடைப்பயிற்சிச் செய்முறை, மாலையில் 90 நிமிடம் கிளப் பயிற்சி. வகுப்பில் கற்ற முறையையே பயன்படுத்தி, பத்துக்கு எவ்வளவு கடினம் என்ற மதிப்பெண்ணை நிமிடங்களால் பெருக்கினேன்: காலைக்கு 6 வீதம் 360, மாலைக்கு 7 வீதம் 630, ஒரே நாளில் 990. நான்கு வாரக் கணக்கை ஒரே தாளில் எழுதிப் பயிற்றுநரிடம் காட்டியபோது, அவர் மறுபேச்சின்றிச் செவ்வாய் ஓட்டப் பயிற்சியிலிருந்து எனக்கு விலக்களித்தார். களைப்பாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லியும் நடக்காதது அந்தத் தாளால் நடந்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

போட்டிப் பயணங்களுக்குக் கிளப்பிடம் கடிதம் வாங்கும்போதும் "பருவம் முழுவதும்" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். ஒவ்வொரு தேதியும் தனித்தனியே இருந்தால்தான் வருகைக் குறைவைச் சரிசெய்ய முடியும். ஒத்திவைத்த தேர்வின் தேதியைப் போட்டி அட்டவணையோடு உடனே ஒப்பிட்டுப் பாருங்கள். என்னுடையது ஓர் அரையிறுதியன்று விழுந்தது. நான் தேர்வெழுதினேன், அணி நானில்லாமல் ஆடியது.