ஒரு அடிக்கோடு, ஆறு எழுத்து

‘நாட் செட் ப்ராப்பர்லி.’

ராத்திரி முழுக்கத் திரையில் இதே எச்சரிக்கைதான்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஒழுங்காக ஓடிய, ஒரு சர்வீஸைக் கிளப்பும் தொடக்க ஸ்கிரிப்டை அதன் உறவுக்கார இயங்குதளமான நெட்பிஎஸ்டிக்குக் கொண்டுவந்தேன். பாதையை மாற்றினேன், எந்தப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் ஆர்சிவார் வரியைத் திருத்தினேன். ம்ஹூம், சர்வீஸ் எழவே இல்லை.

கடைசியில் பார்த்தால், எந்தெந்த சர்வீஸ் ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் கை பழக்கத்தில் சர்வீஸ் பெயருக்குப் பின்னால் ‘_எனேபிள்’ போட்டு வைத்திருக்கிறேன். ஃப்ரீபிஎஸ்டிக்கு அது வேண்டும். இங்கே வெறும் பெயர், ஒரு ‘யெஸ்’. அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி ஸ்கிரிப்ட் வைக்கும் இந்த ஆர்சி.டி முறை 2000-இல் நெட்பிஎஸ்டி 1.5-உடன் வந்தது. 2003-இல் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 5.0 இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. எதற்கு முன் எது எழ வேண்டும் என்ற ‘ரிக்வயர்’ குறிப்பைப் படித்து வரிசை போடும் ஆர்சிஆர்டர் நிரல்கூட அப்படியே.

புகுந்த வீட்டு வழக்கப்படி பெயர் நீண்டுவிட்டது. பிறந்த வீட்டில் அடையாளம் தெரியவில்லை!

விடியற்காலையில் சர்வீஸ் எழுந்தது. நான் படுத்தேன்.