காலையில் மட்டும் கண் வறண்டால் காலையிலேயே போய்க் காட்டுங்கள்

கண் எரிகிறது என்று எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "செல்போன் நெறையப் பாப்பீங்களா?" திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்க டியூப் லைட் வெளிச்சத்தில் துணியில் ஓட்டை, கறை தேடுகிற வேலை. அப்படியும் சாயந்திரம் என் கண்ணுக்கு ஒரு குறையும் இருக்காது. தொல்லையெல்லாம் விடியற்காலையில்தான். இமை கண்ணோடு ஒட்டியிருக்கும், திறந்தால் மணலை வைத்துத் தேய்த்த மாதிரி எரியும், சிவக்கும், பத்து மணி வாக்கில் தானாக அடங்கிவிடும். இதைப் போன இடமெல்லாம் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மருந்துக்கடையில் சீட்டுகூடக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தை எடுத்து வைத்தார்கள். அட்டையில் டெக்சாமெத்தசோன் என்று போட்டிருந்ததை மகள் படித்துவிட்டு "இது ஸ்டீராய்டும்மா" என்றாள், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். சிவப்பை மட்டும் மறைக்கிற நாஃபசோலின் வகைச் சொட்டுகளும் அப்படித்தான், பழகிவிட்டு நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். வீட்டில் அத்தை "வெளக்கெண்ணெ ஒரு சொட்டு உடு கண்ணு, குளுந்து போயிரும்" என்றார், நந்தியாவட்டைப் பூச்சாறும் சொன்னார். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் கிருமி நீக்காத எதையும் கண்ணுக்குள் விடக்கூடாது, புண்ணாகிவிட்டால் பார்வைக்கே ஆபத்து.

பக்கத்து கிளினிக்கில் வேலை முடிந்து போய்க் காட்டினேன். செயற்கைக் கண்ணீர் சொட்டு எழுதினார்கள், பகலில் மூன்று வேளை. பகலில் எனக்கு எரிச்சலே கிடையாதே! அப்புறம் கோயமுத்தூரில் ஒரு பெரிய கண் மருத்துவமனை. லீவு போட்டு, சம்பளம் பிடித்தம், பஸ்ஸில் நின்றுகொண்டே போனால், கருவிழி டாக்டர் மதியத்துக்கு மேல்தான் என்று உட்கார வைத்தார்கள். சாயந்திரம் நாலு மணிக்கு விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி காய்ந்து கருவிழியின் மேல்தோலில் விழுகிற நுண்ணிய காயம் சில மணி நேரத்திலேயே ஆறிவிடக்கூடியது என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த அலைச்சலே இருந்திருக்காது.

அடுத்த முறை காலை டோக்கன் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அப்படியெல்லாம் போட முடியாதுங்க" என்றாள். நான் நகரவில்லை. எனக்குக் காலையில்தான் எரிகிறது, காலையில் பார்த்தால்தான் தெரியும், சாயந்திரம் வந்தால் மறுபடி நார்மல் என்பீர்கள் என்று சத்தமாகவே சொன்னேன். பின்னால் வரிசையில் சலசலப்பு, ஒரு சிஸ்டர் வந்து விசாரித்து, கருவிழி டாக்டர் காலையில் இருக்கிற நாளைப் பார்த்து டோக்கன் போட்டுக் கொடுத்தார். கண் மை வைக்காமல், சொட்டு விடாமல் வரச் சொன்னதும் அவர்தான்.

அந்த டாக்டர்தான் முதல் ஆளாக "எழுந்திரிக்கும்போதா, பொழுது சாய்ஞ்சா?" என்று கேட்டார். கண்ணில் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்தார், கருவிழியின் கீழ்ப்பக்கம் மட்டும் பட்டையாகப் பச்சை பிடித்திருந்தது. இமைக்காமல் இருக்கச் சொல்லி, கண்ணீர்ப் படலம் எவ்வளவு நேரத்தில் உடைகிறது என்று எண்ணினார். 10 விநாடிக்குக் குறைந்தால் படலம் நிலைக்கவில்லை என்று அர்த்தமாம், எனக்குக் குறைவு. கீழ் இமையில் காகிதப் பட்டை செருகி 5 நிமிடம் வைக்கிற சோதனையில் 10 மில்லிமீட்டருக்கு மேலேயே நனைந்தது. கண்ணீர் சுரக்கிறது, ராத்திரியில் அது கண்ணில் தங்குவதில்லை. "தூங்கும்போது கண்ணு முழுசா மூடுதான்னு வீட்டுல யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

அன்று ராத்திரி மகள் செல்போனில் படம் எடுத்தாள். இரண்டு கண்ணிலும் இமைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு! தூக்கத்தில் விழி மேலே சுழன்றுகொள்ளும், அதனால் திறந்திருக்கிற இடுக்கில் கருவிழியின் கீழ்ப்பாதிதான் காயும். தூக்கத்தில் கண்ணீர் சுரப்பும் குறைந்துவிடும். போதாததற்கு எங்கள் வீடு பல்லடம் பக்கம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று மேற்கு ஜன்னலில் நுழைந்து நேராகக் கட்டிலுக்கு வரும், தலைக்கு மேலே ஃபேன் வேறு. பஞ்சுத் தூசித் தும்மலுக்கு ராத்திரி போடுகிற செட்ரிசினும் கண்ணைக் காய வைக்கும் என்றார் டாக்டர். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள். எனக்கு மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாக மாற்றிவிட்டார்கள்.

படுக்கும்போது இமைக்குள் மசகுக் களிம்பு போட்டுக்கொள்கிறேன். பார்வை மங்கும், அதனால் கதவைப் பூட்டி விளக்கணைத்துப் படுத்த பிறகுதான் போட வேண்டும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் 5 முதல் 10 நிமிடம், அப்புறம் இமை ஓரத்தை மெல்ல நீவிவிடுவது. இது இமை விளிம்பில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளுக்கு, அந்த எண்ணெய் கெட்டியாகிவிட்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். துணியின் சூட்டை மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் வையுங்கள். இமையை மெல்லிய பேப்பர் டேப்பால் ஒட்டுகிற வழியும் உண்டு, அதை டாக்டர் செய்து காட்டாமல் நீங்களே ஒட்ட வேண்டாம். ஜன்னலுக்குத் திரை போட்டு, கட்டிலைத் திருப்பிப் போட்டோம். முதல் வாரத்திலேயே இமை ஒட்டுவது நின்றது, அந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் காரணம் இதுவே என்று நினைத்துவிடாதீர்கள். வாயும் காய்ந்து மூட்டும் வலித்தால் ரத்தப் பரிசோதனை தேவைப்படும். தைராய்டு இருப்பவர்கள், குறட்டைக்கு முகமூடி மாட்டித் தூங்குபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், முகமூடி ஓரத்தில் கசிகிற காற்று நேராகக் கண்ணில் அடிக்கும். கண்ணைத் திறந்த நொடியில் கீறினதுபோல் சுரீரென்று வலித்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ டோக்கன் பேச்செல்லாம் வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மருந்து வாங்கும்போது கவனம். மசகுக் களிம்பு இல்லையென்று எனக்கு ஒரு கடையில் ஆன்டிபயாடிக் கண் களிம்பை "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று நீட்டினார்கள். ஒன்றே இல்லை, சீட்டில் இருக்கிற பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பகலில் நான்கைந்து தடவைக்கு மேல் சொட்டு விட வேண்டியவர்கள், மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள், அப்படிச் சேர்க்கிற பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே கெடுக்கும். சாதாரணப் பாட்டில் என்றால் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள், ஒரு மாதம் ஆனதும் மீதி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.