தோல் துண்டிலிருந்து நரம்பு செல் வரை

குழந்தைகளின் நரம்பு செல்களை அழிக்கும் பரம்பரை நோயான பேட்டன் நோயில் சிஎல்என்2 என்ற வகையைப் பற்றி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வயது வரை குழந்தை நன்றாகத்தான் இருக்கும். பேச்சு மட்டும் கொஞ்சம் பின்தங்கும். மூன்று, நான்கு வயதில் வலிப்பு வரும். அப்புறம் நடை, பேச்சு, பார்வை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விடும். மரபணுப் பிழையால் டிபிபி1 என்ற நொதி வேலை செய்யாததுதான் காரணம் என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒன்று இருக்கும், அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இருக்காது.

பெற்றோர் சம்மதத்தோடு வரும் மிளகளவு தோல் துண்டில்தான் எங்கள் வேலை ஆரம்பம். அதைப் பொடியாக நறுக்கி, தட்டின் அடியில் ஒட்டவைத்து, ஊட்டத் திரவம் விட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். பிறகு தட்டை அசைக்கவே கூடாது, துண்டு பெயர்ந்து மிதந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், துண்டின் ஓரத்திலிருந்து நீள நீளமான ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற தோல் செல்கள் ஊர்ந்து வந்திருக்கும். செல் கிடைத்துவிட்டது என்று உடனே சோதனைக்குப் போய்விடாதீர்கள். முதலில் மைக்கோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய பாக்டீரியா இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அது தெரியாது, ஆனால் முடிவுகள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அடுத்தது நொதி அளவீடு. டிபிபி1 வெட்டினால் ஒளிரும் ஒரு பொருளை அமிலக் கரைசலில் சேர்ப்போம். ஆரோக்கியமான செல்லில் ஒளியின் கோடு ஏறிக்கொண்டே போகும். நோயுள்ள குழந்தையின் செல்லில் அது தரையோடு கிடக்கும். எதிர்பார்த்ததுதான் என்றாலும், பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

பிறகு வெளியில் தயாரித்த நொதியைத் தட்டில் விடுவோம். அதில் உள்ள மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரைக் குறியைப் பிடித்துச் செல் உள்ளே இழுத்து, கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமில் சேர்க்கும். அந்தச் சர்க்கரையைத் தனியாக நிறையச் சேர்த்தால் நொதி உள்ளே போகாது. இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத முடிவை நான் நம்புவதில்லை. நொதி சேர்ந்துவிட்டால், லைசோசோமில் தேங்கியிருந்த புரதப் புள்ளிகள் குறைந்துபோகும்.

தட்டில் இப்படி ஆனதால் மருந்து கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரத்தத்தில் செலுத்தும் நொதி மூளைக்குள் போதுமான அளவு போகாது. அதனால்தான் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செர்லிபோனேஸ் ஆல்ஃபாவை, தலைத்தோலுக்கு அடியில் பொருத்திய கருவி வழியாக மூளைத் திரவத்துக்குள்ளேயே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். நடையும் பேச்சும் குறையும் வேகத்தை அது தணிக்கிறது. பார்வையைக் காப்பதில்லை. செத்துப்போன நரம்பு செல்லைத் திருப்பித் தருவதுமில்லை.

இந்த நோயில் நரம்பு செல் சாகிறது, தோல் செல் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே தோல் செல்லை மட்டும் வைத்துக் கேட்கும் கேள்வி பாதிதான். இப்போது அதே தோல் செல்களை, வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய குருத்தணுவாக மாற்றி, அதிலிருந்து நரம்பு செல்களையும் விழித்திரை செல்களையும் வளர்க்கிறோம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஊட்டத் திரவத்தை அடிக்கடி மாற்ற வேண்டும், விடுமுறை நாளிலும் யாராவது வந்தாக வேண்டும். நொதியை எந்தக் கட்டத்துக்குள் கொடுத்தால் செல் பிழைக்கும் என்பதை இந்தத் தட்டுகளில்தான் பார்க்கப் போகிறோம்.