அல்ட்ராமரீன் வீரனும் கோபுரத்து அண்ணாச்சியும்

வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் ஆட்டத்துக்கான அல்ட்ராமரீன் (நீலக் கவசப் படை) வீரப் பொம்மை ஒன்றுக்கு ஒருவழியாக வார்னிஷ் அடித்தாயிற்று. 1987-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி கொண்டுவந்த ஆட்டம் இது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வரும் வீரர்களை நாமே வெட்டி, ஒட்டி, வர்ணம் அடித்து மேசையில் இறக்க வேண்டும். நெல்லைப் பக்கம் யாராவது தொடங்க நினைத்தால் உதவட்டும்.

முதல் தலைவலி பிரைமர், அதாவது வர்ணம் பிடிக்க முதலில் அடிக்கிற அடிப்பூச்சு. ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற காற்றில் மொட்டைமாடியில் ஸ்பிரே அடித்தால் பாதி பக்கத்து வீட்டுத் துணிக்குத்தான் போகும். காற்று ஓய்ந்த உச்சி வெயிலிலும் வம்புதான், பெயிண்ட் பொம்மையில் படுவதற்குள் காய்ந்து சொரசொரவென்று படிந்துவிடும். அதனால் வெயில் ஏறுமுன், அட்டைப்பெட்டிக்குள் பொம்மையை நிறுத்தி, டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டு அடித்தேன்.

அப்புறம் நீலம். ஃபேனுக்குக் கீழே அக்ரிலிக் சட்டென்று இறுகிவிடும் என்பதால், டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர், அதில் பெயிண்ட். தண்ணீர் கலந்து மோர்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாக மெல்லிசாகப் பூச வேண்டும். பொறுமை இருந்தால் போதும், இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பிரஷ் மட்டும் எவ்வளவு சின்னது என்று பார்க்காமல் முனை கூராக நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படம் எடுத்து, பெங்களூரில் இதை ஆடுகிற நண்பனுக்கு அனுப்பினேன். கவச ஓரத்து வெளிர்நீலக் கோடு தடிமன், ஒரு கண் மேலே பார்க்கிறது, காலடித் தட்டில் ஒட்டிய செம்மண் ரொம்பத் தூக்கலாக இருக்கிறது என்றான்.

எங்கள் தெருவில் கோயில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். சுடலைமாடன், இசக்கியம்மன், கோபுரத்துப் பூதம் எல்லாம் அவர் கைபட்டவை. அவரிடம் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எம்புட்டு தூரத்துல நின்னுலே பாப்பாவ?" என்றார்.

"மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு அண்ணாச்சி. மூணடி இருக்கும்."

"அப்பம் கோடு தெரியணும்லா? அக்குள்ல, இடுப்புல இன்னும் இருட்டக் கெட்டு. கோபுரத்துப் பொம்மைய கீழ நிக்கவனுக்குத்தான அடிக்கோம்."

நண்பன் பார்த்தது போனில் பெரிதாக்கிய படம், அண்ணாச்சி கேட்டது மேசைத் தூரம். ஆடத்தானே அடிக்கிறோம்? கோட்டை அப்படியே விட்டுவிட்டு, மூட்டு மடிப்புகளில் மட்டும் கறுப்பு வாஷ் (பள்ளத்தில் இறங்கி நிழல் காட்டுகிற நீர்த்த பெயிண்ட்) இன்னொரு தடவை ஓட்டினேன். கையில் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் முரட்டுத்தனம்தான். மேசையில் வைத்தால் கையும் காலும் தனித்தனியாக எடுத்துக் காட்டுகின்றன.

கண் விஷயத்தில் நண்பன் சொன்னதே சரி, திருத்திவிட்டேன். கண்ணை முதலிலேயே வைத்தேன் என்றதும் அண்ணாச்சி முகம் சுளித்தார். சாமிக்குக் கண் திறப்பது கடைசியில்தானே. இந்தப் பொடி முகத்தில் முதலில் கண்ணை வைத்தால், வழிந்ததைத் தோல் நிறத்தால் மூடிவிடலாம். இதில் நான் மாறப்போவதில்லை.

செம்மண்ணும் அப்படியே இருக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல், சலித்து பெவிகாலில் ஒட்டியது. நீலக் கவசத்துக்குக் கீழே அந்தச் சிவப்பு தூக்கலாகத்தான் இருக்கட்டுமே. மீதி வீரர்களையும் ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும், ஈரக்காற்றில் அடித்தால் மேட் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும்.