நீர் மாத்திரை

பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். கால் வீக்கத்துக்காக நான் கொடுத்த பதினான்கு மாத்திரைகளும் அப்படியே இருந்தன.

சென்னை வீடற்றோர் காப்பகம் ஒன்றில் செவிலியராகச் சேர்ந்த புதிது. பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் படுத்திருப்பவர்களை இரவில் பார்க்கப் போவோம். எழுபதை நெருங்கும் அவரை, கொடுத்ததைப் போடவில்லையே என்று கடிந்துகொண்டேன்.

“போட்டால் நாலு தடவை எழும்ப வேண்டும். எங்கே போவேன் கண்ணு?”

அது நீர் மாத்திரை; சிறுநீரை அதிகம் போகவைத்து வீக்கத்தை வடிக்கும். காலையில் போடுங்கள் என்றேன், பெரிய யோசனை சொல்வதுபோல. பகலில் கட்டணக் கழிப்பிடத்தில் ஒவ்வொரு முறையும் ஐந்து ரூபாய். உள்ளே போகும் நேரத்தில் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் அதுவும் பூட்டிவிடும். மாலை நாலு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை என்றார் பாட்டி. படிப்பில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

அதன்பிறகு நோயைக் கேட்பதற்கு முன்னால் கழிப்பிடத்தைத்தான் கேட்பேன். பேச்சு அங்கே தொடங்கினால் நீர்க்கடுப்பு வரும், அடக்கி அடக்கி வந்த வயிற்று வலி வரும். கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பல வருடங்களாகக் கருப்பை இறங்கியிருப்பதும் வரும். பழந்துணியை மடித்து வைத்துச் சமாளித்திருப்பார்கள்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வீடு இருந்தால். பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. பாட்டிக்கு அதை வாங்கித் தரலாமென்று போனால், பாத்திரம் தேய்த்தே தேய்ந்த விரல்களில் ரேகை பதியவில்லை. மூன்று முறை அலைந்தோம். அந்த எரிச்சலை எழுதினால் பக்கம் போதாது.

காப்பகத்துக்கு வர ஒரு மாதம் யோசித்தார். வந்ததும், நாற்றத்துக்குப் பயந்து யாரும் எடுக்காத கழிப்பறையை ஒட்டிய கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீக்கம் வற்றிவிட்டது. மாத்திரைகளை மட்டும் இன்னும் முந்தானையில்தான் முடிந்துவைக்கிறார். டப்பா கொடுத்துப் பார்த்தேன். அதில் வெற்றிலை இருக்கிறது.