இடுப்பில் பெயர்ந்த பைண்டிங்

கையால் செய்யப்பட்ட என் அகூஸ்டிக் கிட்டாரில், உடல் உள்வளையும் இடுப்புப் பகுதியில் விளிம்பைச் சுற்றி ஒட்டிய ரோஸ்வுட் கீற்று, அதாவது பைண்டிங், பெயர்ந்து நின்றது. இடைவெளியில் ஒரு தடித்த அட்டை நுழையும். விளிம்பு நெடுக நகத்தால் தட்டிக்கொண்டு போனேன். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரிந்ததைவிட அதிக தூரம் விட்டிருந்தது.

இடுப்பில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. பைண்டிங் என்பது சூட்டில் வளைத்து ஒட்டிய, சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள மரக்கீற்று. காற்று உலரும்போது மேற்பலகை அகலவாட்டில் சுருங்கும். மரம் இழை நீளத்தில் சுருங்குவது மிகமிகக் குறைவு என்பதால் பைண்டிங் அப்படியே இருக்கும். கூடவே அது வளைத்த வில்லைப் போல நிமிரப் பார்க்கும். உட்குழிந்த வளைவில் நிமிர்வதென்றால் வெளியே வருவது என்றுதான் பொருள்.

ஆகவே பசையை எடுப்பதற்கு முன் கம்பிகளைத் தளர்த்தி, கிட்டாரை ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கும்படி பெட்டியில் வைத்தேன். இடைவெளி சற்றுக் குறைந்தது, மூடவில்லை.

அடுத்து, உள்ளே இருப்பது என்ன பசை? வெதுவெதுப்பான நீரை ஒரு சொட்டு வைத்தேன். சிறிது நேரத்தில் பழைய பசை இளகிப் பிசுபிசுத்தது: விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை. நல்ல செய்திதான். காய்ந்த மஞ்சள் மரப்பசையின் மீது புதிய மரப்பசை சரியாகப் பிடிக்காது. வச்சிரமோ பழைய வச்சிரத்தோடு கலந்துவிடும். சூப்பர் க்ளூவை நான் யோசிக்கவே இல்லை. ஸ்புரூஸ் மேற்பலகைக்குள் ஊறி அது விடும் கறை போகாது. உறுதியான நூலை இடைவெளியில் நுழைத்து முன்னும் பின்னும் இழுத்து, உள்ளிருந்த தூசியையும் உதிர்ந்த பசையையும் எடுத்தேன்.

அதிக நேரம் பிடித்தது வளைவைப் பழக்குவதில்தான். சுற்றியுள்ள பாலிஷை அட்டையால் மறைத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துப் பைண்டிங்கை வெதுவெதுப்பாக்கி, பசை இல்லாமலேயே அழுத்திக் கட்டி இரவு முழுக்க விட்டேன். இந்தக் கிட்டாரின் ஷெல்லாக் (அரக்கு) பாலிஷ் சூட்டுக்கு இளகும் என்பதால் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவில்லை. இதை மறுபடியும் செய்தேன். விரல் நுனியால் தொட்டாலே பைண்டிங் தன் தவாளிப்பில் போய் உட்காரும் நிலை வந்த பிறகே பசையைத் தொட்டேன். பலத்தால் மூடிய இடைவெளியை எந்தப் பசையும் நெடுநாள் காப்பாற்றாது என்பது என் கணிப்பு.

அழுத்தம் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உடலைச் சுற்றி ரப்பர் பட்டையைக் கட்டினால் அது இடுப்பின் குழியைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். குழியை நிரப்பி வெளியே துருத்தும்படி, இடுப்பின் வளைவிலேயே ஒரு மரத்துண்டு வெட்டி, உட்புறம் கார்க் ஒட்டினேன். எதிர்ப்பக்கத்துக்கும் அதேபோல் ஒன்று, இல்லாவிட்டால் அழுத்தம் ஒருபக்கமாகிவிடும். பைண்டிங் உள்நோக்கியும் மேற்பலகையின் விளிம்பை நோக்கியும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். அதனால் கட்டையின் முகத்தைச் சற்றுச் சாய்வாக இழைத்தேன்.

வச்சிரத்தைச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொண்டு, சிரிஞ்சையும் வெந்நீரில் போட்டு வைத்தேன். ஊசி ஆறினால் பசை உள்ளேயே உறைந்துவிடும். பசையைச் செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, கட்டையைப் பொருத்தி, பட்டையைச் சுற்றினேன். வச்சிரம் காத்திருக்காது, எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வைத்திருந்தது உதவியது. வழிந்ததை நன்றாகப் பிழிந்த துணியால் உடனே துடைத்தேன், ஈரம் தங்கினால் ஷெல்லாக் வெளுக்கும்.

ஒரு நாள் கழித்துப் பட்டையை அவிழ்த்தேன். இணைப்பில் நகம் சிக்கவில்லை. ஓரங்களில் டேப் ஒட்டிய பிளேடால் பசைத் திட்டுகளைச் சுரண்டி, பஞ்சுப் பொதியால் ஷெல்லாக் ஏற்றினேன். பொதியில் ஆல்கஹால் அதிகமானால் ரோஸ்வுட்டின் செந்நிறம் கரைந்து பக்கத்து வெண்மரத்தில் ஏறும். பொதியைக் கிட்டத்தட்ட உலர்வாகவே வைத்து, விளிம்பின் நீளவாட்டில் மட்டும் நகர்த்தினேன்.

கம்பி ஏற்றி மீண்டும் தட்டிப் பார்த்ததில் இடுப்பு முழுதும் கெட்டியாக ஒலிக்கிறது. பின்பலகையின் கீழ்வளைவில் மயிரிழைக் கோடு ஒன்று இருக்கிறது. அங்கே பிளந்திருப்பது பாலிஷ் மட்டும்தான், மரம் அசையவில்லை. அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.