170 அங்குலம்: அயோவா மான் பருவக் குறிப்புகள்

ஆகஸ்ட் 23, 2025

அமெரிக்க மாநிலமான அயோவாவின் தெற்கே, சோயா வயல்களில் ஆண் வெண்வால் மான்கள் இன்னும் கூட்டமாகத்தான் மேய்கின்றன. கொம்பு வளர்ச்சி ஏறக்குறைய முடிந்தாயிற்று. மேலே போர்த்திய வெல்வெட் தோல் செப்டம்பர் தொடக்கத்தில் உரியும். எந்த மான் எந்த அளவு என்று கணக்கெடுக்க இதுவே நல்ல நேரம். தலைப்பிலுள்ள 170 என்பது கொம்பின் பல அளவுகளை அங்குலத்தில் கூட்டிக் கழித்து வரும் மதிப்பெண்; வழக்கமான வடிவக் கொம்பு பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைச் சங்கத்தின் பதிவேட்டில் ஏற அவ்வளவு வேண்டும்.

டிரெயில் கேமராவை (விலங்கு வந்தால் தானே படமெடுக்கும் கேமரா) வயலுக்குள் இறங்கும் தடத்தில், இடுப்பு உயரத்தில், வடக்குப் பார்த்து மாட்டுங்கள். கிழக்கோ மேற்கோ பார்த்து வைத்தால் விடியலிலும் அந்தியிலும் வெயில் லென்ஸில் அடித்துப் படம் வெளுத்துவிடும். மான் அதிகம் நடமாடுவதோ அந்த இரண்டு வேளையில்தான்.

அளவை மதிப்பிட மானின் காதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். விறைத்து நிற்கும் காதுகளின் நுனிக்கு நுனி சுமார் 16 அங்குலம். ஆனால் இரு கொம்புகளுக்கு இடையிலான அகலத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. மதிப்பெண்ணில் அகலம் ஒரே ஒரு தடவைதான் சேரும். தண்டின் நீளமும், மேல்நோக்கிய கிளைகளின் உயரமும், தண்டின் பருமனும்தான் எண்ணை ஏற்றுபவை.

செப்டம்பர் 13

குட்டையோரங்களில் செத்த மான்கள் தென்படும் பருவம். ஈ.எச்.டி. என்கிற ரத்தக்கசிவு நோயைப் பரப்புவது சேற்றில் பெருகும் மிகச் சிறிய கடிபூச்சி. காய்ச்சல் தாளாமல் மான் தண்ணீரைத் தேடி வந்து அங்கேயே விழுகிறது. வறண்ட கோடையில் நீர்நிலைகள் சுருங்கிச் சேறு வெளிப்பட்டால் பூச்சிக்குக் கொண்டாட்டம். முதல் கடும் உறைபனி விழும்வரை இது ஓயாது. பல வருடம் விட்டுவைத்த மான் ஒரே வாரத்தில் போய்விடலாம்.

அக்டோபர் 1

வில் வேட்டை தொடங்குகிறது. பெரிய கொம்பு ஏன் இவ்வளவு அரிது என்று கேட்பவர்கள் பரம்பரையையும் தீவனத்தையும்தான் முதலில் பேசுகிறார்கள். நான் வயதைத்தான் முதலில் சொல்வேன்.

ஒன்றரை வயதில் வருவது, அந்த மான் கடைசியில் எட்டக்கூடிய கொம்பில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றரை வயதில் சுமார் முக்கால் பங்கு. உச்சம் ஐந்து முதல் ஏழு வயதுக்குள். இப்போது கணக்குப் போடுங்கள். நூறு ஆண் குட்டிகளில் வருடத்துக்குப் பாதி சாகிறதென்றால் ஐந்து வருடம் கழித்து மிஞ்சுவது மூன்று. முப்பது சதவீதம்தான் சாகிறதென்றாலும் பதினேழுக்கு மேல் இல்லை. அப்படி முழு வயது வாழ்ந்தவற்றிலும் பெரும்பாலானவை 170 அங்குலத்தைத் தொடுவதேயில்லை.

பரம்பரை பேசுபவர்கள் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வைக் கவனிக்க வேண்டும். மண் வளம் குறைந்த பகுதியின் சினை மான்களைப் பிடித்து வந்து, பிறந்த குட்டிகளுக்குச் சத்தான தீவனம் கொடுத்தார்கள். முதல் தலைமுறையில் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. இரண்டாம் தலைமுறை வளமான பகுதி மான்களை நெருங்கிவிட்டது. தாய் பட்ட பட்டினி மகனின் கொம்பில் தெரிகிறது. 'மட்டமான கொம்பு' என்று இளம் ஆணைச் சுட்டு இனத்தைத் திருத்தும் வேலை காட்டில் பலிக்காது. பாதிப் பரம்பரை கொம்பே இல்லாத தாயிடமிருந்து வருகிறதே.

நவம்பர் 8

இணைசேரும் பருவத்தின் உச்சம் நெருங்குகிறது. இரவிலேயே நடமாடிய கிழட்டு ஆண்கள் பட்டப்பகலில் பெண் மானின் பின்னால் ஓடும். அயோவாவில் இப்போது வில்லுக்கு மட்டும்தான் பெரும்பாலும் அனுமதி. முக்கியமான துப்பாக்கிப் பருவங்கள் டிசம்பரில்தான். மிச்சிகனில் துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15ஆம் தேதியே திறந்துவிடும், மான் புத்தி மழுங்கி அலையும் நேரத்தில். பெரிய கொம்புக்கு அயோவா பெற்ற பெயருக்கு மக்காச்சோளமும் வண்டல் மண்ணும் காரணம்தான். ஆனால் காலண்டரின் பங்கு அதற்குக் குறைந்ததல்ல.

மிசிசிப்பி மாநிலம் 1995இல் கொண்டுவந்த, கொம்பில் 'குறைந்தது நான்கு முனை' உள்ள ஆண் மானையே சுடலாம் என்ற விதி இளம் மான்களைக் காப்பதற்காகத்தான். நடந்தது வேறு. ஒன்றரை வயதிலேயே நான்கு முனை போட்ட நல்ல மான்கள் சுடப்பட்டன, பின்தங்கியவை தப்பித்தன. முனையை எண்ணாதீர்கள், உடம்பைப் பாருங்கள். கால் நீண்டு, வயிறு ஒட்டி, கழுத்து மெலிந்திருந்தால் இளசு. கழுத்து பருத்தும் தோளோடு சேரும் இடம் தனியாகத் தெரிந்தால் மூன்று வயதுப் பக்கம். கழுத்தும் மார்பும் ஒன்றாகி, வயிறு தொங்கி, கால் குட்டையாகத் தெரிந்தால் ஐந்துக்கு மேல்.

டிசம்பர் 6

முதல் துப்பாக்கிப் பருவம் இன்று. விழுந்த மானின் கீழ்த்தாடையை வெட்டியெடுத்துப் பல்லைப் பார்த்துவிடுங்கள். முன்னிருந்து மூன்றாவது கடைவாய்ப் பல்லுக்கு மூன்று முகடு இருந்தால் அது பால்பல், வயது ஒன்றரைக்குள். இரண்டு முகடுள்ள வெள்ளைப் புதுப் பல் என்றால் அதைத் தாண்டியாயிற்று. அதற்கு மேல் தேய்மானம்தான் கணக்கு. நடுவில் தெரியும் பழுப்புக் கோடு பக்கத்து வெள்ளை எனாமலைவிட அகலமாகிக்கொண்டே போகும். மணல் நிலத்தில் பல் சீக்கிரம் தேய்வதால் மூன்றரைக்கு மேல் இந்த வழி தவறும். திட்டவட்டமாக வேண்டுமென்றால் முன்வெட்டுப் பல்லை ஆய்வகத்துக்கு அனுப்பி வேர் வளையங்களை எண்ணச் சொல்லுங்கள்.

மண்டையோட்டை மட்டும் பிளந்துவிடாதீர்கள். பிளந்தால் உள் அகலத்தை நம்ப முடியாது, பதிவேட்டில் ஏறாது.

பிப்ரவரி 4, 2026

டிசம்பர் 6இல் எடுத்த கொம்புக்கு இன்றோடு அறுபது நாள். பூன் அண்ட் கிராக்கெட் கிளப் கேட்கும் உலர்த்தும் காலம் இதுதான். 1887இல் தொடங்கிய இந்தச் சங்கத்தின் இப்போதைய அளவை முறை 1950இலிருந்து நடப்பில் இருக்கிறது. வெண்வால் மானில் வழக்கமான வடிவக் கொம்புக்கு 170, ஒழுங்கற்றதற்கு 195 வேண்டும்.

கால் அங்குல அகல எஃகு நாடாவால் அரைக்கால் அங்குலத் துல்லியத்தில் அளக்க வேண்டும். தண்டை அடிவளையத்தின் வெளி ஓரத்திலிருந்து நுனிவரை, வெளிப்பக்க வளைவோடு. ஒரு அங்குலத்துக்குக் குறைந்தது கிளையில் சேராது. பக்கத்துக்கு நான்கு சுற்றளவு. உள் அகலம் நீண்ட தண்டின் அளவைத் தாண்டினால் தண்டின் அளவே மதிப்பெண்.

மனம் உடைவது கழித்தலில். இடதுக்கும் வலதுக்கும் உள்ள அளவு வித்தியாசமெல்லாம் கழிபடும். ஒரு கொம்பு மொத்தம் 176 என்று வைத்துக்கொள்வோம். நான்காம் கிளை இடது 7, வலது 4: மூன்று போயிற்று. இரண்டாம் கிளைகளில் ஒன்றேகால் வித்தியாசம், தண்டுகளில் முக்கால். பக்கவாட்டில் முளைத்த ஒழுங்கற்ற முனை இரண்டு அங்குலம், அதையும் கழிக்க வேண்டும். மொத்தக் கழிவு ஏழு, மிச்சம் 169. வயது, மண், தப்பிப் பிழைத்த அதிர்ஷ்டம் எல்லாம் கூடிய மானும் ஒரு அங்குலத்தில் நின்றுவிடும். 1993இல் கனடாவின் சஸ்காட்சுவனில் வீழ்ந்த, வழக்கமான வடிவத்தில் உலக சாதனையான ஹான்சன் மான் 213 5/8 என்று நிற்பதன் பெருமை அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

மார்ச் 7

உதிர்ந்த கொம்பு தேடும் நாட்கள். தெற்குப் பார்த்த சரிவு, வேலி தாண்டும் இடம், அறுவடையான மக்காச்சோள வயல். மான் அங்கே குதிக்கிறது, குளிர்காய்கிறது, மேய்கிறது. கிடைத்ததும் அடிச் சுற்றளவையும் தண்டு நீளத்தையும் நாளோடு குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டின் கேமரா படத்தோடு ஒப்பிட இதுவே ஆதாரம்.

ஒழுங்கற்ற வகையில் 333 7/8 பெற்று முதலிடத்தில் இருக்கும் மிசூரி மான் யாரும் சுட்டதல்ல. 1981இல் செயிண்ட் லூயிஸ் வட்டாரத்தில் செத்துக் கிடந்து எடுக்கப்பட்டது. அடுத்த இடத்தில் இருக்கும் ஒஹாயோ மானும் 1940இல் அப்படிக் கிடைத்ததுதான், 328 2/8. ஆகவே ஆறு வயதைத் தாண்டிய மானின் உதிர்கொம்பு இந்த வருடம் கிடைத்தால், அதன் தடத்தில் கேமராவை ஜூலையிலேயே மாட்டிவிடுங்கள். அதே நிலத்தின் மூன்று வயதுக்காரனை நவம்பரில் விட்டுவிடுவது என்று இப்போதே கூட்டாளிகளோடு பேசி முடிவெடுங்கள். மரத்தின் மேல் உட்கார்ந்த பிறகு அந்த முடிவு வராது.